கீறல் விழாது, கீழே விழக் கூடாது
செராமிக் கைக்கடிகாரங்களை வீட்டிலேயே தூய்மை செய்தலும் பேணுதலும்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த சந்து ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் அக்காவுக்கு, உடன்பிறந்தோர் எல்லோரும் பங்கிட்டுத் தொகை சேர்த்து, வெண்ணிறச் செராமிக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். முப்பது ஆண்டுகள் மணியடித்து வகுப்பு நடத்தியவருக்கு, மணி பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத காலத்தில் ஒரு நல்ல கடிகாரம் இருக்கட்டும் என்பது எங்கள் எண்ணம். விற்றவர், "இதில் கீறலே விழாது" என்று உறுதி சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால், கீறல் விழாது என்பதை உடையாது என்று நாங்கள் பொருள் கொண்டோம். தவறு அங்கேதான் நேர்ந்தது.

அவ்வாண்டு விஜயதசமியன்று, அண்டை வீட்டு வங்காளப் பெண்கள் துர்க்கையை வழியனுப்பும் சிந்தூர் விளையாட்டுக்கு அக்காவையும் அன்போடு அழைத்துச் சென்றனர். முகம், கைகள், புடவைத் தலைப்பு எல்லாம் சிவக்க வீடு திரும்பியவர், கடிகாரத்தின் வெள்ளைக் கண்ணிகளுக்கு இடையிலும் குங்குமம் புகுந்திருப்பதைக் கண்டார். உடனே வாஷ்பேசினுக்கு முன் நின்று, சோப்பு நுரை பூசிய கையோடு கழுவத் தொடங்கினார். கடிகாரம் நழுவியது. மொசைக் தரையில் விழுந்த அந்தக் கணத்தில் கண்ணி ஒன்று இரண்டாகப் பிளந்தது. குங்குமக் கறை நீங்கிவிட்டது. கடிகாரம் கையை விட்டு நீங்கிற்று. உடைந்த கண்ணியை ஒட்டவோ பற்றவைக்கவோ இயலாது, மாற்றத்தான் வேண்டும் என்றனர். மாற்றுக் கண்ணி வெளியூரிலிருந்து வந்து சேர மூன்று மாதங்கள் ஆயின.

அந்த மூன்று மாதக் காத்திருப்பில் நாங்கள் படித்தும் கேட்டும் கற்றவற்றை வாடிக்கையாளப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். விலையுயர்ந்த பொருளை வாங்குவதற்குச் சேமிக்கும் நாம், வாங்கிய பொருளைப் பேணுவதும் சேமிப்பின் ஒரு பகுதியே என்பதை மறந்துவிடலாகாது.

கடிகாரங்களின் நகரம்

காலத்தோடு கொல்கத்தாவுக்கு உள்ள உறவு பழமையானது. இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்த பின்பும், இந்நகரம் ஏறத்தாழ 23 நிமிடங்கள் முந்திச் செல்லும் தன் சொந்த நேரத்தை 1948 வரை விடாது வைத்திருந்தது. 1800இல் ஸ்காட்லாந்திலிருந்து இங்கு வந்த டேவிட் ஹேர், கடிகாரத் தொழிலால் பொருளீட்டிய பின் அத்தொழிலை விட்டுக் கல்விப் பணியில் இறங்கினார். 1817இல் இந்துக் கல்லூரி தோன்றுவதற்குத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர். இன்றும் அவர் பெயரால் ஒரு பள்ளி இங்கே நடைபெறுகிறது. லால்பஜாரை ஒட்டிய ராதாபஜார் தெருவில் நடந்தால், இருபுறமும் கடிகாரக் கடைகளும், கண்ணில் உருப்பெருக்கி பொருத்திக் குனிந்திருக்கும் பழுதுபார்ப்போரும் இன்றும் காட்சி தருவர். தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரத்தை அங்கே கொண்டுசென்றால், பெரும்பாலும் ஓட வைத்துவிடுவார்கள். எஃகுக் கூட்டில் கீறல் இருந்தால் மெருகேற்றியும் தருவார்கள்.

செராமிக் கடிகாரத்தின் நிலை அதுவன்று. அதன் கூட்டைத் தேய்த்து மெருகேற்ற வைரத்தூள் வேண்டும். அதற்கான பொறியும் பயிற்சியும் வேண்டும். உடைந்த பகுதிக்கு மாற்று உதிரி தவிர வேறு வழியில்லை. ஆகவே, பழுது நேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற மனநிலை இங்கே உதவாது.

மணலிலிருந்து மணிக்கட்டுக்கு

பீங்கான் என்றதும் நமக்கு ஊறுகாய் ஜாடியும் தேநீர்க் கோப்பையும் நினைவுக்கு வருகின்றன. கடிகாரச் செராமிக் அவற்றின் உறவினர்தான் எனினும், குலம் வேறு. பெரும்பாலான செராமிக் கடிகாரங்கள் சிர்க்கோனியம் என்னும் தனிமத்தின் ஆக்சைடால் ஆனவை. அதனைச் சிர்க்கோனியா என்பர். இத்தனிமத்தை ஜெர்மானிய வேதியியலறிஞர் கிளாப்ரோத் 1789இல் கண்டறிந்தார். அவர் ஆய்ந்த கல், இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கான் கல் என்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. அதே சிர்க்கான் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கலந்திருக்கிறது. 1950இல் தொடங்கப்பெற்ற இந்திய அருமண் நிறுவனம் அங்கே ஆலை அமைத்து அதனைப் பிரித்தெடுத்து வருகிறது. அதே 1950ஆம் ஆண்டில்தான் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் மத்தியக் கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனமும் திறக்கப்பெற்றது. குமரி மணலும் கொல்கத்தா ஆய்வுக்கூடமும் இப்பொருளின் வரலாற்றில் இவ்வாறு அருகருகே நிற்கின்றன.

மாவு போன்று நுண்ணிய சிர்க்கோனியாத் தூளைப் பசைப்பொருளோடு சேர்த்து அச்சில் அழுத்தி வார்த்து, பசையை நீக்கி, ஏறத்தாழ 1,450 செல்சியஸ் பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். சூளையில் அந்த வார்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருங்கி இறுகுகிறது. பின்னரே வைரக் கருவிகளால் இழைத்துப் பளபளப்பாக்குகின்றனர். வண்ணம் மேற்பூச்சாக அன்றி, பொருளின் உள்ளேயே கலந்திருப்பதால், எத்தனை ஆண்டுகள் அணிந்தாலும் தேய்ந்து மங்குவதில்லை.

இத்தகைய பொருள் கைக்கடிகாரத்துக்கு வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. 1986இல் சுவிட்சர்லாந்தின் ராடோ நிறுவனம் தன் 'இன்டக்ரல்' கடிகாரத்தின் பட்டையில் செராமிக்கைப் பயன்படுத்தியது. அதே ஆண்டில் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் தன் 'டா வின்சி' கடிகாரத்தைச் செராமிக் கூட்டில் வெளியிட்டது. 2000இல் வந்த ஷனேல் நிறுவனத்தின் 'ஜே 12' இக்கடிகாரங்களை நாகரிகப் பொருளாக்கியது; அதன் வெண்ணிற வடிவம் 2003இல் வந்தது. இன்று ஓசூரில் தோன்றிய நம் டைட்டன் உட்படப் பல நிறுவனங்களின் கடைகளில் செராமிக் கடிகாரங்கள் கிடைக்கின்றன.

வலிமையும் வலுவின்மையும்

விக்கர்ஸ் என்னும் அளவுகோலில் கடிகார எஃகின் கடினத்தன்மை ஏறத்தாழ 200. சிர்க்கோனியாவின் கடினத்தன்மை ஏறத்தாழ 1,200. ஆறு மடங்கு. அதனால்தான் சாவிக்கொத்தும் பேருந்துக் கம்பியும் மேசை விளிம்பும் அதனைக் கீற முடிவதில்லை. எஃகைவிட எடையும் குறைவு. தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் நிக்கல் அதில் இல்லை. வியர்வையால் துருவும் ஏறுவதில்லை.

ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. எஃகு அடிபட்டால் நசுங்கி, அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். செராமிக்கிற்கு நசுங்கத் தெரியாது. தாங்கும்வரை தாங்கும், தாங்க முடியாதபோது பிளந்துவிடும். இக்குறையைப் பெரிதும் குறைத்தவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மூவர். சிர்க்கோனியாவில் விரிசல் ஒன்று தோன்றும்போது, அதன் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறிச் சற்றே பருத்து, விரிசலை நெருக்கி மூடப் பார்க்கின்றன என்பதை அவர்கள் 1975இல் 'நேச்சர்' இதழில் விளக்கினர். மற்றப் பீங்கான்களை விடச் சிர்க்கோனியா வலிமை பெற்றிருப்பது இதனால்தான். எனினும், அந்த வலிமைக்கும் எல்லை உண்டு. இடுப்பளவு உயரத்திலிருந்து மொசைக் தரையில் விழும் கடிகாரம் பலமுறை தப்பலாம். ஒருமுறை தப்பாமலும் போகலாம்.

ஆகவே, வீட்டில் இக்கடிகாரத்தைத் தூய்மை செய்யும்போது உண்மையான ஆபத்து எதைக்கொண்டு தேய்க்கிறோம் என்பதில் இல்லை. எங்கே நின்று தேய்க்கிறோம் என்பதில் இருக்கிறது. வாஷ்பேசினும் குழாயும் கல் மேடையும் இக்கடிகாரத்தின் பகைவர்கள்.

தொடங்குமுன் மூன்று கேள்விகள்

முதற்கேள்வி: கடிகாரம் உண்மையிலேயே செராமிக்கா? கறுப்பு வண்ணம் பூசிய எஃகுக் கடிகாரங்கள் பார்வைக்குச் செராமிக் போலவே தோன்றும். பல கடிகாரங்களில் முகவளையம் மட்டும் செராமிக்காக இருக்க, கூடும் பட்டையும் எஃகாக இருக்கும். பின்மூடியிலோ விலைச்சீட்டிலோ உத்தரவாதச் சீட்டிலோ எந்தப் பகுதி எதனால் ஆனது என்று குறித்திருப்பர். அதனைப் படித்தறிந்த பின்னரே கை வைக்க வேண்டும். பூச்சிட்ட எஃகை அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

இரண்டாவது: கடிகாரம் எவ்வளவு நீர் தாங்கும்? பின்மூடியில் 30 மீட்டர் என்று குறித்திருந்தால், அது 30 மீட்டர் ஆழம் வரை நீந்தலாம் என்று பொருள்படாது. மழைத்துளியும் கைகழுவும்போது தெறிக்கும் நீரும் தாங்கும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். இத்தகையதை நீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். 50 மீட்டரும் அதற்கு மேலும் குறித்திருந்தால் நீரில் கழுவலாம். ஆனால், நீரைத் தடுப்பது செராமிக் கூடு அன்று. பின்மூடிக்கும் சாவித் திருகுக்கும் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்களே. கூடு மூப்படையாது, ரப்பர் மூப்படையும். வாங்கிப் பல ஆண்டுகள் ஆகி, இடையில் ஒருமுறையேனும் நீர்க்காப்புச் சோதனை செய்திராத கடிகாரத்தை, எத்தனை மீட்டர் குறித்திருந்தாலும், ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவது: பட்டை எதனால் ஆனது? செராமிக் கூட்டுக்குத் தோல் வார் பொருத்தியிருந்தால் வாரில் நீர் படலாகாது.

கழுவும் முறை

சாப்பாட்டு மேசையின் மீது தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்து விரியுங்கள். மேசை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி இருக்கட்டும். துண்டின் மீது அகன்ற பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வைத்து, உடல் வெப்பத்தைத் தாண்டாத வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மென்மையான திரவச் சோப்பு இரண்டு துளி கலக்குங்கள். அமர்ந்துகொண்டு செய்யுங்கள். கடிகாரம் கையிலிருந்து நழுவினாலும் நான்கு விரற்கடை உயரத்திலிருந்து துண்டின் மீதே விழும். எங்கள் அக்கா அன்று இந்த ஒன்றைச் செய்திருந்தால், இக்கட்டுரைக்கே தேவை நேர்ந்திராது.

சாவித் திருகு முழுவதும் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். மரையுள்ள திருகானால் இறுக மூடியிருக்க வேண்டும். நீருக்குள் இருக்கையில் திருகையோ பக்கப் பொத்தான்களையோ தொடவே கூடாது.

குழந்தைகள் பயன்படுத்தும் மிக மென்மையான பல் துலக்கி ஒன்றை இதற்கெனவே ஒதுக்கிவையுங்கள். அதைச் சோப்பு நீரில் தோய்த்து, முதலில் பட்டையின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். வியர்வையும் தோலின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிவது அங்கேதான். கண்ணிகளுக்கு இடையில் குறுக்காகவும், பூட்டின் மடிப்புகளிலும், பின்மூடியின் ஓரத்திலும் மெல்லத் தேயுங்கள். பின்னர் முன்புறம், இறுதியாகக் கண்ணாடி. வேறொரு கிண்ணத்தில் வெறும் நீர் எடுத்து இருமுறை அலசுங்கள். சோப்பு எஞ்சினால் செராமிக்கின் பளபளப்பின் மீது மங்கலான படலம் நிற்கும்.

மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தபின், உலர்ந்த துண்டின் மீது நிழலில் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். முடி உலர்த்தியின் வெப்பக்காற்று வேண்டா. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் பூட்டின் வில்லும் உலோகத்தால் ஆனவை. அவற்றில் ஈரம் தங்கலாகாது என்பதற்காகவே இந்தப் பொறுமை. மாதம் ஒருமுறை இவ்வாறு கழுவி, நாள்தோறும் கழற்றும்போது உலர்ந்த மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்து வைத்தால் போதுமானது.

கறைகளும் அவற்றுக்கான வழிகளும்

குங்குமம், ஹோலி வண்ணப்பொடி: முதலில் உலர்ந்த துலக்கியால் பொடியைத் தட்டி நீக்க வேண்டும். பொடியோடு நீரை ஊற்றினால் அது குழம்பாகிக் கண்ணிகளின் இடுக்குகளில் இறங்கும். செராமிக் நீரையோ சாயத்தையோ உறிஞ்சாது. ஆதலால் சோப்பு நீரிலேயே நிறம் போய்விடும். தோல் அல்லது ரப்பர் வாரில் படிந்த சாயம் அவ்வாறு போகாது. விழாவுக்குச் செல்லுமுன் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதே எளிது.

மஞ்சளும் கடுகெண்ணெயும்: கொல்கத்தாவில் மீன் பொரிக்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் உரிய கறை இது. எண்ணெய் பிசுக்கில் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். சோப்பு நீரில் துலக்கியால் இருமுறை தேய்த்தால் இரண்டும் சேர்ந்தே நீங்கும்.

சாம்பல் நிறக் கோடுகள்: வெண்ணிறச் செராமிக்கில் பென்சிலால் இழுத்தாற்போன்ற கோடுகள் தோன்றும்போது, கீறல் விழுந்துவிட்டதே என்று பலர் பதறுவர். பெரும்பாலும் அது கீறல் அன்று. செராமிக் தன்னைவிட மென்மையான வளையலையோ சாவியையோ உரசி, அதன் உலோகத்தைத் தன்மீது பூசிக்கொண்டிருக்கிறது. உரைகல்லில் பொன் தடம் பதிவதைப் போன்றதே இதுவும். மாணவர்கள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பான் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் கோடு மறைந்துவிடும். இதைச் செராமிக் பகுதியில் மட்டுமே செய்ய வேண்டும். பூச்சிட்ட உலோகத்திலும் கண்ணாடியிலும் செய்யலாகாது.

கடல் உப்பு: திகாவுக்கும் பூரிக்கும் சென்று திரும்பாத கொல்கத்தாக் குடும்பம் அரிது. கடற்காற்றின் உப்பு செராமிக்கை ஒன்றும் செய்யாது. ஊசிகளையும் பூட்டையும் அரிக்கும். ஊர் திரும்பிய அன்றே நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

பற்பசை, சமையற் சோடா, பாத்திரம் தேய்க்கும் தூள் ஆகியவற்றைப் பரிந்துரைப்போர் பலர். பற்பசையில் உள்ள தேய்ப்புப்பொருள் சிர்க்கோனியாவைக் கீற முடியாது என்பது மெய்யே. ஆனால் கடிகாரம் முழுவதும் சிர்க்கோனியா அன்று. சாவித் திருகும் பூட்டும் எஃகு. எண்களில் பொன்முலாம் இருக்கலாம். கண்ணாடியின் மேல் ஒளி எதிரொளிக்காமைக்கான மெல்லிய பூச்சு இருக்கலாம். பற்பசை கீறுவது அவற்றை.

வெளுப்புத் திரவம் உலோகப் பகுதிகளை அரிக்கும். கொசு விரட்டித் தைலங்கள் சில, ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்க வல்லவை. நறுமணத் திரவமும் தோல் வாருக்கு ஆகாது. இவற்றைப் பூசி, உலர்ந்த பின்னரே கடிகாரத்தை அணிய வேண்டும்.

நகைக் கடைகளில் உள்ள மீயொலித் தூய்மைப் பொறியில் கடிகாரத்தை முழுதாக இடலாகாது. அதிர்வு உள்ளிருக்கும் இயக்கப்பொறியைக் கெடுக்கும். கொதிநீரும் நீராவியும் வேண்டா. ரப்பர் வளையங்கள் தளர்ந்துவிடும். நெடுநேர வெந்நீராவி சிர்க்கோனியாவின் உள்ளமைப்புக்கும் நன்மை பயப்பதன்று.

பட்டை பெரிதாக இருக்கிறதென்று வீட்டிலேயே ஆணியும் சுத்தியும் கொண்டு ஊசியைத் தட்டி எடுக்க முயலவே கூடாது. எஃகுக் கண்ணி அந்தத் தட்டலைப் பொறுக்கும். செராமிக் கண்ணி பிளக்கும். பட்டை குறைத்தல், பேட்டரி மாற்றுதல் இரண்டையும் அதற்குரிய கருவிகள் உள்ள பணிமையத்திடமே விட்டுவிடுங்கள். பேட்டரி மாற்றும்போதே நீர்க்காப்புச் சோதனையும் செய்து தருமாறு கேட்டுப் பெறுவது நம் உரிமை.

கொல்கத்தாவின் பருவங்களும் கடிகாரமும்

மழைக்காலத்தில் இந்நகரத்துக் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை உலராது, பட்டையின் உட்புறம் நாள் முழுதும் ஈரமாகவே இருக்கும். அக்காலத்தில் மாதம் ஒருமுறை என்பதை வாரம் ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிரூட்டிய மெட்ரோ ரயிலிலிருந்து இறங்கி வெளியே புழுக்கத்தில் நடக்கும்போது, கடிகாரக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படர்வது இயல்பே. உட்புறத்தில் படர்ந்தால் அது இயல்பன்று. ரப்பர் வளையம் தளர்ந்து ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. அரிசிப் பானையில் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்று காத்திருக்க வேண்டா. அன்றே பணிமையத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். இயக்கப்பொறியில் துரு பிடிக்க நெடுநாள் ஆகாது.

குளிர்காலத்தில் தூசி மிகும். தூசியோடு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், உலோகப் பகுதிகளில் மெல்லிய கீறல்கள் தோன்றும். முதலில் ஊதியோ மென்துலக்கியாலோ தூசியை நீக்கிய பின்னரே துடைக்க வேண்டும்.

பெட்டியிலும் பெட்டகத்திலும்

செராமிக் கடிகாரத்தை நகைகளோடு ஒரே பெட்டியில் போட்டுவைப்போர் உண்டு. இதில் கேடு இருபுறமும் நேரும். பொன் வளையல் மென்மையானது. செராமிக் விளிம்பு அதனைக் கீறிவிடும். மாறாக, வைரமும் மாணிக்கமும் நீலமும் சிர்க்கோனியாவைவிடக் கடினமானவை; நவரத்தின மோதிரம் ஒன்று, எதுவும் கீற முடியாத கடிகாரத்தைக் கீறிவிடக் கூடும். தனித்தனி மென்துணிப் பைகளே இரண்டுக்கும் காப்பு.

வங்கிப் பெட்டகத்தில் நீண்ட நாள் வைக்க விரும்பினால் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, பேட்டரிக் கடிகாரமானால் பணிமையத்தில் பேட்டரியை எடுத்துவிட்டு வையுங்கள். தீர்ந்துபோன பேட்டரி உள்ளேயே கசிந்து, கூடு புதிதுபோல் இருக்க இயக்கப்பொறியைத் தின்றுவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இரண்டாவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் இட்டு, பெட்டகத்தைத் திறக்கும்போதெல்லாம் மாற்றுங்கள். மூன்றாவது, சாவி கொடுக்கும் கடிகாரமோ தானியங்கிக் கடிகாரமோ ஆனால், பெட்டகத்துக்குச் செல்லும் நாள்களில் ஒருமுறை ஓடவிட்டு மீண்டும் வையுங்கள்.

பெட்டகம் குறித்து மேலும் ஒன்றைக் கூற வேண்டியது நம் கடமை. 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள்களுக்கு இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை. எடுத்துக்காட்டாக, ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 3 லட்சம் ரூபாய். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடரால் நேரும் இழப்புக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத நிலையில், அப்பொறுப்பும் இல்லை. பெட்டகத்துள் என்ன இருக்கிறது என்பதை வங்கி அறியாது. அதனைக் காப்பீடும் செய்யாது. ஆகவே, மதிப்புமிக்க கடிகாரத்துக்கும் நகைகளுக்கும் வாடிக்கையாளரே தனியாகக் காப்பீடு செய்துகொள்வது நலம்.

காப்பீட்டுக்கும், உதிரிப்பாகம் வரவழைப்பதற்கும், சான்றுகள் வேண்டும். விலைச்சீட்டு, உத்தரவாதச் சீட்டு, பின்மூடியில் உள்ள மாதிரி எண், வரிசை எண் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டையைக் குறைத்தபோது எடுத்த உபரிக் கண்ணிகளைக் கேட்டு வாங்கி, அதே பெட்டியில் பாதுகாத்து வையுங்கள். எங்கள் அக்காவின் கடிகாரத்துக்குப் பட்டை குறைத்த அன்று, எடுத்த இரண்டு கண்ணிகளையும் நாங்கள் கடையிலேயே விட்டுவந்துவிட்டோம். அவற்றை வைத்திருந்தால் மூன்று மாதக் காத்திருப்பு மூன்று நாளில் முடிந்திருக்கும்.

மூன்று மாதங்களுக்குப் பின் கடிகாரம் வீடு வந்தது. புதிய கண்ணி எது, பழையது எது என்று பார்த்தவர் எவராலும் கூற இயலவில்லை. அக்கா மட்டும் உடனே சுட்டிக்காட்டினார். அடுத்த விஜயதசமியன்று, வாசலில் வந்து அழைத்த பெண்களைச் சற்றே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து கடிகாரத்தைக் கழற்றி, துணிப்பையிலிட்டு, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சென்றார். மாலையில் முகமெல்லாம் குங்குமமாகத் திரும்பி வந்து, கை கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் அதனை எடுத்து மீண்டும் அணிந்துகொண்டார். வெண்ணிறக் கண்ணிகளில் ஒரு துளிச் சிவப்பும் இல்லை.